அநேகமாகத் திரும்பி வருவேன்

சைக்ளோஸ்டைல் எடுத்த தாள் அது. மை சரியாகக் காயாமல் விரலில் ஒட்டும். இடப்பக்கம் கேன், குட், மே, மைட், வில், உட், ஷுட், மஸ்ட் என்று எட்டுச் சொற்கள். வலப்பக்கம் ப்ராபப்ளி, பாஸிப்லி, சர்ட்டன்லி, டெஃபனட்லி, ரியலி என்று ஐந்து. இந்தப் பக்கத்துச் சொல் எதையும் அந்தப் பக்கத்துச் சொல் எதனோடும் கோடு போட்டு இணைக்கலாம், இணைத்தால் நாகரிகமான ஆங்கிலம் வந்துவிடும் என்பது எங்கள் பிரின்சிபாலின் கண்டுபிடிப்பு. மூன்று வருடம் அந்தத் தாளை வகுப்பில் விநியோகித்தவன் நான். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பிரின்சிபால் மேல் பாதி, என் மேல் பாதி.

தொண்ணூறுகளின் நடுவில், மேற்கு மாம்பலத்தில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுக் கல்லூரி வேலைக்காகக் காத்திருந்த நான், மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போய்க்கொண்டிருந்தேன். கீழே அரைக்கும் சத்தம் ஒரு பக்கம், மின்சார ரயில் போகும் சத்தம் ஒரு பக்கம். நடுவில் நான் ‘உட் யூ ப்ராபப்ளி’ என்று கத்திக்கொண்டிருப்பேன்.

பாத்திரக்கடை அம்மா அங்கேதான் வந்து சேர்ந்தார். தி.நகரில் அவரும் கணவரும் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. ஐம்பது வயதிருக்கும். காலைக் கூட்டம் குறைந்ததும் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வருவார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அவர் முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அவர் வந்ததற்கு ஒரே காரணம், வெளிநாட்டில் இருந்த மகள். தலைப்பிரசவம். மாசி மாதம் குழந்தை பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் விசா வாங்கிப் போய் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். தூதரக நேர்காணலில் தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஆள் உண்டு என்று மருமகன் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி, “தமிழ்லயே பேசிரட்டுமா தம்பி?” என்று கேட்டார்.

“வேண்டாம்மா. இங்கிலீஷ்ல பேசினா மதிப்பா இருக்கும்” என்று நான் சொன்னேன். என் மாணவி ஒருவர் தூதரகத்தில் ஆங்கிலம் பேசி விசா வாங்கினார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

எட்டாவது வரை படித்தவர் என்றாலும் வேகமாகக் கற்றுக்கொண்டார். ‘ஐ வில் கம், ஐ வில் கோ, ஷி வில் குக்’ என்று நேராக, வழுக்காமல் சொல்வார். நான்தான் விடவில்லை. தாளைக் காட்டி, படித்தவர்கள் இப்படி மொட்டையாகப் பேசமாட்டார்கள், ‘வில்’லை ‘உட்’ ஆக்க வேண்டும், பின்னால் ஒரு ப்ராபப்ளி போட வேண்டும் என்றேன்.

அவருக்கு அது பிடிபடவில்லை. “ப்ராபப்ளின்னா என்ன தம்பி?”

“அநேகமா.”

“வருவேன்னா வருவேன். அதுல என்ன அநேகமா? கடையில ஒரு குடத்தக் காட்டி, இது ஒழுகாதும்மான்னு சொன்னாத்தான் வாங்குவாக. அநேகமா ஒழுகாதுன்னு சொன்னா எவ வாங்குவா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, “கடை வேற, தூதரகம் வேற” என்று சொல்லி, பத்து முறை எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்தார். குண்டு குண்டான கையெழுத்து. ஒரு தப்பு இல்லை.

எனக்கே அப்போது தெரியாத விஷயங்கள் அதில் நிறைய இருந்தன. வினைக்கு முன்னால் வரும் அந்தக் குட்டிச் சொல்லுக்கு ஒரு எடை உண்டு, கூட வரும் சொல்லுக்கு ஒரு எடை உண்டு. ‘வில்’லோடு டெஃபனட்லி சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். ‘குட்’டோடு டெஃபனட்லி சேர்ந்தால் நாம் டெஃபனட்லியை மட்டும் கேட்டு மகிழ்ந்துபோவோம், சொன்னவரோ ‘குட்’டுக்குள் ஒளிந்துகொண்டிருப்பார். பாஸிப்லி இன்னும் மோசம். ‘குட் பாஸிப்லி’ என்றால் சந்தேகம், ‘கான்ட் பாஸிப்லி’ என்றால் முடியவே முடியாது. எந்த இடத்தில் எது மரியாதை, எது தயக்கம், எது பொய் என்பதைக் கோடு போட்டு இணைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. பின்னால் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தித்தான் இதெல்லாம் எனக்கே விளங்கியது. அன்றைக்குத் தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

நேர்காணலுக்கு மறுநாள் அவர் வந்தார். வகுப்பு தொடங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “குடுக்கல தம்பி” என்றார்.

அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினாராம். மகளைப் பற்றிக் கேட்டார், கடையைப் பற்றிக் கேட்டார். கடைசியில், “வில் யூ கம் பேக்?” என்று கேட்டிருக்கிறார்.

“நான் நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். ஐ உட் ப்ராபப்ளி கம் பேக், சார்.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்து, கடையை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்டாராம். ‘மை ஹஸ்பண்ட் மே பாஸிப்லி மேனேஜ்’ என்று இவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அச்சடித்த ஒரு காகிதத்தோடு பாஸ்போர்ட் திரும்பி வந்துவிட்டது.

“தப்பா எதும் சொல்லிட்டேனா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இலக்கணத்தில் தப்பு இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னபோது என் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் தீரவில்லை.

அன்று மாலையே பிரின்சிபால் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, தாளை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மாற்றியாவது எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “வீ குட் சர்ட்டன்லி லுக் இன்டு இட்” என்றார். அடுத்த பேட்ச்சுக்கு அதே தாள்தான் வந்தது. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது.

குழந்தை மாசியில் பிறந்தது. பெண் குழந்தை. மருமகனின் அம்மா போய்க் கூட இருந்தார். பாத்திரக்கடை அம்மாவுக்கு மறுவருடம்தான் விசா கிடைத்தது. இந்த முறை தமிழில் பேசியிருக்கிறார். திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு “வருவேன்” என்று ஒரே சொல். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது.

இதை அவரே கடையில் வைத்துச் சொன்னார். ஒரு வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் துணிந்து உள்ளே நுழைந்திருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் மடியில் துணியை விரித்து ஒரு தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றார். போட்டோவைக் காட்டினார். பிரசவத்தின்போது மகள் இரண்டு நாள் ‘அம்மா, அம்மா’ என்று கத்தினாளாம், போனில் மருமகன் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது இதுதான்: “நான் உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்காம இருந்திருக்கலாம்மா.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இருந்திருக்கலாம்னு இல்ல தம்பி. சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது.”

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் நான் திருத்துவேனே, அந்தக் குரலில்தான் சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். “சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதும்மா.”

“ம்” என்றார். அதற்குள் ஒரு பெண்மணி குக்கர் கேட்டு வந்துவிட்டார். அவரைக் கவனிக்க எழுந்து போனார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.