காலித் தேக்சாவுக்குத் தம் போட்டவர்

பிரியாணித் தம்மைப் பிரிக்கும் முன் அப்துல்லா மாமு கரண்டிக் காம்பைத் தேக்சாப் பாத்திர மூடியின் விளிம்பில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். கண் மூடியிருக்கும். மருதாணி பூசிய தாடி மெல்ல அசையும். உள்ளே சோறு பேசுவதாக அவர் நம்பினார். கவிதை படிக்கிறவன் என்பதால் நானும் நம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் மற்ற பிரியாணி மாஸ்டர்களுக்குக் கையாளாகவே நரைத்தவருக்குச் சொந்தப் பெயரில் முதல் ஆர்டர் வந்தது. எலவனாசூர்கோட்டையில் அப்சானா என்ற பெண்ணின் கல்யாணம், மறுநாள். சீசன் என்பதால் வாடகைத் தேக்சா எங்கும் இல்லை. அவருடைய ஒரே அலுமினியத் தேக்சாவின் அடியில் தீய்ந்த கரி அப்பிக் கிடந்தது.

"இது போவலன்னா ஆர்டர் போச்சு மருமகனே. நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே, இன்னா பண்லாம்?"

படித்தவன்தான், பாடப்புத்தகத்துக்குள் கவிதைப் புத்தகத்தை வைத்து. இருந்தும் பேராசிரியர் தொனியில், "காஸ்டிக் சோடா" என்றேன்.

சோடாவைப் போட்டு வெந்நீர் ஊற்றியதும் நுரை பொங்கியது. "கரி கழலுது மாமு!" என்று கை தட்டினேன்.

"தம் போட்டா சீக்கிரம் கழலும்" என்று மூடியைப் போட்டு, பழக்கதோஷத்தில் அதன்மேல் தணலையும் அள்ளி வைத்தார். வேதியியல் பட்டதாரி நான் தலையாட்டினேன்.

அவர் கரண்டி எடுக்கத் திரும்பினார். டமார்! மூடி பக்கத்து வீட்டு ஓட்டில் போய் உட்கார்ந்தது. மாமு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். உச்சி வெயிலில் தீ இருப்பதே தெரியவில்லை. தாடி மட்டும் தானாகச் சுருண்டது. வாளித் தண்ணீரை வீசினேன். முதல் வாளி என் மேலேயே விழுந்தது.

"ஹைட்ரஜன் மாமு" என்றேன், அப்போதுதான் நினைவு வந்து. "நிறமும் இல்ல, வாடையும் இல்ல. பொறி பட்டா வெடிக்கும். எண்ணெய டால்டாவா உறைய வைக்கிறதும் அதான்."

"டால்டாவ இத்தினி வருசமா சோத்துல ஊத்திக்கினு இருக்கேன், ஒண்ணும் வெடிக்கல. நீ வந்தே, வெடிச்சிடுச்சி."

ஆனால் தேக்சா பளபளத்தது. புளி போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினோம்.

மறுநாள் கல்யாண பிரியாணி பாதி வேக்காட்டில் இருந்தபோது தேக்சாவின் அடியிலிருந்து சாறு கசிந்து அடுப்பில் சுர்ரென்றது. மாமு பாதித் தாடியோடு தீயைக் குறைத்து, மைதா மாவை அப்பி, எப்படியோ சமாளித்தார். சாறு கம்மியானதில் சோறு பொலபொலவென்று வந்தது. "இன்னா பக்குவம் பாய்!" என்று ஒருவர் அங்கேயே அடுத்த ஆர்டர் கொடுத்தார். மாமு என்னைக் காட்டி, "தேக்சாவ வெளக்குனது என் மருமகன்" என்றார். நானும் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னுமாம். நான் கை தட்டி வரவேற்றது தேக்சா கரைந்ததை.