எண்ணெய் ரிப்போர்ட்டுக்கு ஒரு மனு

மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, நெஞ்சு கெட்டியாக இருந்தால் போதும். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வாய்த்தது. ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றவர்கள் நீங்களும். ஆகவே நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இடம் கொடுத்தவர்

எழுபதுகளில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சின்ன பஜாரில் உட்கார்ந்து, ஏலத்தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில். கீழே மளிகைக் கடை. கட்டடம் கடைக்காரருடையது, பஞ்சாயத்து அவருக்கு வாடகைக்காரர். மாடிப்படி கடையின் பக்கவாட்டிலேயே ஏறும். கல்லாவில் உட்கார்ந்தபடி யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

என் பெஞ்சும் அவர் கடை வராந்தாவில்தான் கிடந்தது. மழைச்சாரல் படாத இடம் அந்த பஜாரில் அது ஒன்றுதான். வாடகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தினமும் காலையில் நான் மைக்கூட்டைத் திறக்கும்போது கல்லாவிலிருந்து ஒரு சிரிப்பு வரும். கூடவே இதுவும் வரும்: "எழுதுங்கய்யா, ஊர் பூராத்தையும் எழுதுங்க. என் கடைய மட்டும் விட்டுருங்க."

பேச்சியம்மா வந்தாள்

ஏலக்காய் எடுக்கிற பேச்சியம்மா ஒருநாள் வந்து, பெஞ்சில் உட்காராமல் தூணை ஒட்டி நின்றாள். அவள் புருஷனுக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதாம். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இன்னும் சில வீடுகளிலும் இப்படித்தான். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர், "பனி ஒத்துக்கலை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அவளுக்குச் சந்தேகம் எண்ணெய்மேல். புது டின் உடைத்து வாங்கிய பிறகுதான் வீக்கம் வந்தது என்றாள். தன் வீட்டில் அதை நிறுத்தியும் விட்டாளாம்.

எந்தக் கடை எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. பஜாரில் எண்ணெய் விற்றது ஒரே கடை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னாள். தீபாவளி கழிந்து சோதனைக்கார ஆபீசர் ஒருவர் வந்து அந்த எண்ணெயை மூன்று புட்டியில் பிடித்து, அரக்கு வைத்து, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு மற்றதைக் கொண்டுபோனார். சோதித்த ரிப்போர்ட் மாடிக்கு வந்து கிடக்கிறதாம். அதற்கு நகல் வேண்டும், மனு எழுத வேண்டும்.

எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். கல்லா என் முதுகுக்குப் பின்னால்தான். "நீதான் அந்த எண்ணெயை நிறுத்திட்டியே, பேசாம விட்டுடேன்" என்று முணுமுணுத்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது? அவள் சொன்னாள்: "நிறுத்தச் சொன்னா லயத்துல ஒருத்தியும் கேக்க மாட்டேங்காண்ணே. நான் சொன்னா வெறும் வாய். ஆபீஸ் கடுதாசி சொன்னாத்தான் நம்புவாக."

சர்க்கரைப் பொட்டலம்

மனுவை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு மாடி ஏற ஒரு காரணம் வேண்டுமே. முதல்நாள் ஏறும்போது கடைக்காரர், "என்னத்தா, என்ன விசேஷம்?" என்று கேட்க, "பக்கத்து வீட்டுல புள்ள பொறந்திருக்கு, பதியணும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள் பேச்சியம்மா. அது வேலை செய்தது. வீங்கிய காலோடு வீட்டில் ஆள் கிடந்த மற்றவர்களும் ரிப்போர்ட்டைக் கேட்க ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் பிள்ளை பிறந்திருந்தது. நான் கீழே குனிந்த தலை நிமிராமல், யாரும் கேட்காத ஒரு வாரிசுச் சான்றிதழ் மனுவைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தவர் எஸ்டேட் ஸ்டோர் வாட்ச்மேன் கருப்பையா. கல்யாணமே ஆகாதவர், காதோரம் நரைத்தவர். தங்கச்சி மகனுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று வந்திருந்தார். பதற்றத்தில் மற்றவர்கள் சொன்னதையே இவரும் சொல்லிவிட்டார்: "எனக்குப் புள்ள பொறந்திருக்கு மொதலாளி." கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு ஒரு பொட்டலம் சர்க்கரை மடித்து, "இந்த வயசுல! நல்லா இருய்யா" என்று கையில் திணித்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டாரா, நிஜமாகவே சந்தோஷப்படுகிறாரா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கருப்பையா என் பெஞ்சு ஓரமாக வந்து குனிந்து, கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டார்: "சர்க்கரைய வாங்கிக்கிட்டேன், சரி. நாளைக்குப் புள்ளையக் காட்டுன்னா நான் எங்க போவேன்?"

வீட்டு நம்பர்

எத்தனை பேர் ஏறியும் மனு திரும்பி வந்தது. காரணம் கேட்க நானும் பேச்சியம்மாவோடு ஏற வேண்டியதாயிற்று. மாடியில் மலையாளம் பேச ஆள் வேண்டுமே. படி மொத்தமும் என் முதுகு கூசிற்று.

கிளார்க் கெட்டவர் அல்ல. கட்டட உடைமையாளரைப் பற்றிய காகிதத்தை அவர் கட்டடத்திலேயே வைத்துக் கொடுப்பதற்கு அவருக்கும் பயம், அவ்வளவுதான். பயத்துக்கு ஒரு சட்டம் தேடிக்கொண்டார். மனுவில் பஞ்சாயத்து வீட்டு நம்பர் இல்லை என்றார். லயத்து வீடுகள் எஸ்டேட்டுக்குச் சொந்தம். சுவரில் எஸ்டேட் அடித்த நம்பர் இருக்குமே தவிர பஞ்சாயத்து நம்பர் எதற்கு இருக்கப்போகிறது? "ஹவுஸ் நம்பர் இல்லாத்த ஆளுக்கு எங்ஙனயா ரிக்கார்டு கொடுக்குந்நது?" என்று கையை விரித்தார்.

சரி, முடிந்தது என்று நான் படியைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பேச்சியம்மா நகரவில்லை. அவளுக்கு நான் மொழிபெயர்க்கவும் வேண்டியிருக்கவில்லை. தமிழிலேயே கேட்டாள்: "ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வந்தாகளே ஒங்க பஞ்சாயத்து ஆளுக, அப்ப எந்த நம்பர வச்சு எங்க வீட்டக் கண்டுபிடிச்சாக?"

இந்தத் தடவை பிள்ளை இல்லை

மறுவாரம் வந்து நகலை வாங்கிக்கொள்ளச் சொன்னார் கிளார்க். அந்த வாரத்தில் அவள் புருஷனுக்குப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஜீப்பில் படுக்கவைத்து மலைக்குக் கீழே கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். என்ன சாப்பிட்டான், எதனால் வீங்கியது என்று அங்கே டாக்டர் துருவித் துருவிக் கேட்டாராம். ரிப்போர்ட் கிடைத்தால் கொண்டுவா என்றாராம்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். தலை சீவவில்லை. கடை நிறையக் கூட்டம், சந்தை நாள். படியில் கால் வைத்ததும் கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். நான் மைக்கூட்டை மூடினேன். காகிதங்களை அடுக்கினேன். இன்றோடு இந்த பெஞ்சு போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. பேச்சியம்மா நின்றாள். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "புள்ள எதும் பொறக்கல மொதலாளி. ஒங்க எண்ணெயில என்ன இருக்குன்னு எழுதின கடுதாசி வாங்கப் போறேன்."

உள்ளே கூப்பிட்டார்

ரிப்போர்ட்டில் நான்கே வரி. எண்ணெயில் ஏதோ காட்டு விதை எண்ணெய் கலந்திருக்கிறது, உண்ணத் தகாதது. நான் படித்துச் சொல்லி முடிக்குமுன் அவள் கம்பம் ஜீப்புக்கு ஓடினாள். டாக்டர் அதைப் பார்த்து மருந்தை மாற்றினார். மூச்சு சீராயிற்று, கால் வற்றத்தான் நாளாயிற்று. சேதி கேட்ட அன்று சாயங்காலமே லயத்தில் வீடு வீடாக எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினார்கள்.

மறுநாள் காலையில் என் பெஞ்சு வராந்தாவில் இல்லை. எதிர்பார்த்ததுதான். திரும்பி நடக்கப் போனவனைக் கடைக்காரர் உள்ளே கூப்பிட்டார். அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். கடைக்குப் பின்னால் அவர் வீடு. பெஞ்சு அங்கே கிடந்தது. அதன்மேல் அவர் மனைவி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் மெட்டி வீக்கத்துக்குள் புதைந்திருந்தது.

அலமாரியில் அரக்கு வைத்த புட்டி அப்படியே இருந்தது. கீழ்நாட்டு மண்டியிலிருந்து வந்த டின், தனக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். அவர் கண் கலங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "எனக்கும் சந்தேகந்தான்யா. ஆனா நானே மாடி ஏறிக் கேட்டா, குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதும்பாகல்ல? அதான் ஏறல. இவளும் அந்த எண்ணெயிலதான் ஆக்குனா. டாக்டர்கிட்டக் காட்ட எனக்கும் ஒரு நகலுக்கு எழுதிக் குடுங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கல்லாக்காரர், கிளார்க், மனு எழுதுகிறவன் என்று எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் பயந்து கிடந்தோம், எண்ணெய்க்குப் பயந்தவள் பேச்சியம்மா ஒருத்திதான்.