சிவகரன் விட்ட குளிசை

உரும்பிராய்ச் சிவகரனுக்கு ஏழு வயதிலேயே மீசை அரும்பிவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு வந்த புது வாத்தியார், தம்பியைக் கூட்டிப்போக வந்த அண்ணை என்று நினைத்து அவனை வெளியே நிற்கச் சொன்னார். அப்படி வளர்ந்தவன் பன்னிரண்டு வயதோடு உயராமல் நின்றுபோனான். சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் பிறவிக் கோளாறு, ஆயுளுக்கும் குளிசை விழுங்கவேண்டும், விடக்கூடாது என்றார் டொக்டர்.

கலியாணம் பேசும்வரை விடவில்லைதான். இந்த வருத்தம் பரம்பரை நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் தன் மகள் ஆரணியையும் ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்று தாய் ஞானாம்பிகை பயந்தாள். சாதகத்தை நீட்டினார்கள், வருத்தத்தை அமுக்கினார்கள். புதுப்பெண் சிவகௌரியின் கண்ணில் படக்கூடாதென்று தாலி கட்டிய கையோடு குளிசையை நிறுத்தினான் அந்த மகாபுத்திசாலி. செத்துத் தொலையாமல் தப்பியதே பெரிய காரியம். களைப்பு வந்தால் வெங்காயத் தோட்டத்தின் தலையில் பழியைப் போட்டான்.

மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை. எல்லாம் தெரிந்த ஞானாம்பிகை, கூச்சமில்லாமல் மருமகளை விரதம் பிடிக்கச் சொன்னாள். பிறகு ஒருநாள் குளிக்கும்போது சிவகரனுக்கு இரண்டு விதையிலும் கட்டி தட்டுப்பட்டது. பக்கத்துத் திருநெல்வேலியில் ஸ்கானைப் பார்த்த டொக்டர் முகத்தைச் சுருக்கினார். புற்றுநோயாக இருக்கலாம், இரண்டையும் எடுக்கவேண்டி வரும் என்றார். முன்பு ஏதும் வருத்தம் இருந்ததா என்றும் கேட்டார். பக்கத்தில் சிவகௌரி. இல்லை என்றான் பாவி. உள்ளதெல்லாம் போனாலும் வீட்டு மானம் போகக்கூடாதாம்!

ஒப்பரேசனுக்கு வந்த அன்று சம்மதக் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தான். சிவகௌரி அவன் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை இல்லாட்டிப் பரவாயில்லை. நீங்கள் இருந்தாலே காணும் எனக்கு."

அதோடு உடைந்துபோனான். மீசையிலிருந்து குளிசைவரை விக்கி விக்கி எல்லாவற்றையும் கொட்டினான். டொக்டர் கத்தியை மறந்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், குளிசையை விட்டதால் வளர்ந்த கட்டிகள், புற்றுநோய் இல்லை, இனிக் குளிசையை ஒழுங்காக விழுங்கினால் அநேகமாக வற்றும் என்றார். பிள்ளைக்கும் இன்னும் வழியிருக்காம்.

சிவகௌரி ஆசுபத்திரி ஃபார்மசியிலேயே குளிசையை வாங்கிக் கைப்பையில் போட்டாள். உரும்பிராய் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு கேட்டாள்.

"வெட்டக் குடுக்கத் துணிஞ்சியள். எனக்குச் சொல்லத்தான் துணியேல்லை, என்ன?"

அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, பஸ் முழுக்கப் பார்த்திருக்க, முதல் குளிசையை விழுங்க வைத்தாள்.