மண் குடிக்கும் சத்தம்

எங்கே போனாலும் சுலஸ்த்ரி இபு முதலில் குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். கல்யாண வீடு, சோற்றுக்கடை, இழவு வீடு, எதற்கும் விலக்கில்லை. "மெத்துனு இருக்கு, நல்லாக் குடிக்கும்" என்பார். மண் சத்தத்தைக் குடிக்குமாம்.

எந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கணினியில் கணக்கிடுவது எங்கள் அலுவலக வேலை. அந்த அம்மாதான் தலைமை; ஜாவாவில் மரியாதைக்கு அம்மாவை இபு என்பார்கள், ஐயாவை பாக் என்பார்கள். வெளியில் அவரோடு பேசுவது தண்டனை. "காத்துக்கு எதிராப் பேசுறீங்க தம்பி, சத்தம் மேல வளைஞ்சு போயிடும். இந்தப் பக்கம் வாங்க" என்று தோளைப் பிடித்து நகர்த்துவார். நகர்வதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில், "பொழுது சாய்ஞ்சா தரை ஆறிடும், சத்தம் கீழ எறங்கும்" என்று ஒலிபெருக்கிகளைத் திருப்ப ஆரம்பித்தார். திருப்பி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டே போய்விட்டார்கள்.

இவ்வளவு பார்ப்பவர்தான் கராங்சாரி ஊர் அரிசி ஆலைக்கும் கணக்குப் போட்டார். ஆலைக்கும் பிரசவ மனைக்கும் நடுவே வயல். வெடித்துக் கிடந்த கோடை மண்ணை மிதித்துவிட்டு, தடுப்புச் சுவர் தேவையில்லை என்று கையெழுத்திட்டார். நெல் உலர்த்தும் விசிறிகள் ஓடுவதோ மழைக்காலத்தில். அப்போது வயலில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் ஒரு சத்தத்தையும் குடிக்காது. மூன்று வேளையும் சோறு தின்கிற ஜாவாக்காரருக்கு இது தோன்றவில்லை!

மழை பிடித்ததும் மருத்துவச்சி வர்தினிங்ஸி தொலைபேசினார். "உங்க கம்ப்யூட்டர்ல சத்தமே இல்லையாமே இபு? இங்க பெத்தவளும் தூங்கல, பிள்ளையும் தூங்கல. கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து நீங்களே அதுங்ககிட்ட சொல்லுங்க."

மாலையில் போனோம். கண்ணாடியாய்க் கிடந்த நீரின் மேல் விசிறிகளின் உறுமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வரப்பில் நின்ற இபு, விரலை நனைத்துக் காற்று பார்த்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"காத்து கெடக்கட்டும் இபு. தண்ணி! தண்ணியப் பாருங்க!"

பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆலைக்காரர் ஹார்ஜோ வந்து சேர்ந்தார். "சுவரு வேணாம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? மாத்திச் சொன்னா ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும் பாக். சுவரு எழுப்புங்க, தப்பு என்னோடது. அதுவரைக்கும் பொழுது சாய்ஞ்சா விசிறி ஓடக்கூடாது."

ஹார்ஜோ முணுமுணுத்துக்கொண்டே போய் விசிறிகளை நிறுத்தினார். தவளைச் சத்தம் கேட்டது.

பிரசவ மனை வாசலில் பழக்க தோஷத்தில் இபுவின் குதிகால் எழும்பியது. உள்ளே ஒரு பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கால்விரல் நுனியை மெல்லத் தரையில் வைத்தார்.