இசக்கி கேட்ட ரேஷன் கார்டு

கைவிடப்பட்ட பெண்களுக்குக் கதைகளில் நல்ல வசதி. கூந்தலை அவிழ்த்தால் ஊர் பற்றிக்கொள்ளும். எங்கோ கடல் தாண்டிய தேசத்தில் ஒருத்தி, புருஷனின் புதுப் பெண்டாட்டிக்கு விஷம் தடவிய பட்டுப் புடவையே கொடுத்தனுப்பினாளாம். பின்னாளில் கல்லூரியில் படித்துவிட்டு வந்து என் மகள் சொன்னாள். அவளுக்குப் பட்டு வாங்க வக்கிருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில் தாராவியில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தோல் பட்டறையில் வேலை. ஒருநாள் ஆண்டாப் ஹில்லில் வேறொருத்தியோடு குடித்தனம் வைக்கப் போய்விட்டார். போகட்டும். போகிற மனிதர் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போனார். கார்டில் அவர் பெயரோடு என் பெயரும் இரண்டு பிள்ளைகள் பெயரும் இருந்தன. சோறு மட்டும் ஆண்டாப் ஹில்லில் வெந்தது. எங்களுக்குக் கண்டவர்களிடம் கைமாற்றாகக் கேட்ட அரிசிக் கஞ்சி.

எங்கள் ஊர்ச்சங்கத்துப் பெரியவர்களிடம் மூன்று முறை போய் நின்றேன்.

"கொஞ்சம் பொறுத்துப் போ தாயி. ஆம்பள, ஒருநா திரும்பி வருவாம்லா."

"அவிய வரண்டாம். கார்டு வந்தாப் போதும்."

"உனக்கு வாய் கூடிப்போச்சு" என்று தீர்ப்பானது. தீர்ப்புச் சொல்லிவிட்டு எல்லோரும் சர்க்கரை போட்ட டீ குடித்தார்கள்.

அந்த வருஷம் இசக்கியம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வில்லுப்பாட்டுக்காரர் வந்திருந்தார். மதியப் பூஜைக்கு முன் அம்மன் கதையைப் பாடினார். நகைக்காகக் கட்டியவளைக் கொன்றான் ஒருவன். அவள் பேயாகத் திரும்பி வந்து, இவன்தான் என் புருஷன் என்று பஞ்சாயத்தில் வழக்காடினாள். பெரியவர்கள் அவனை அவளோடு அனுப்பிவைத்தார்கள். அவனை அவள் கிழித்துப் போட்டாள், தப்பாகத் தீர்ப்புச் சொன்ன பெரியவர்கள் அத்தனை பேரும் தீயில் இறங்கிச் செத்தார்கள். இந்த இடத்தில் எங்கள் பெரியவர்கள் முன்வரிசையில் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. நடிப்பில்லை, சத்தியம். தொண்டையிலிருந்து ஒரு கத்தல் வந்தது. மேளம் உரத்தது. யாரோ மஞ்சள்தண்ணீர் ஊற்றினார்கள். சங்கத்துத் தலைவர் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆத்தா, உனக்கு என்ன வேணும்? கெடாவா? சேவலா?"

"ரேஷன் கார்டு!"

மேளம் நின்றுவிட்டது.

"எம் பிள்ளைய பேரு எழுதின கார்டு! மூணு நாள்ல வரல, தீர்ப்புச் சொன்னவம் ஒருத்தனையும் விடமாட்டேன்!"

மூன்று முறை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது வாய் கூடிப்போன அதே பெண்தான். இப்போது அத்தனை பேரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். மறுநாளே நாலு பேர் பஸ் பிடித்து ஆண்டாப் ஹில் போய், கார்டை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலே குங்குமம் வேறு. ரேஷன் கடைக்காரன் ஒன்றும் புரியாமல் அதைத் துடைத்துவிட்டு முத்திரை குத்தினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் அவர் குரல் கேட்டது. நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. வெட்கங்கெட்ட நெஞ்சு. அவசரமாக முகத்தைக் கூடக் கழுவிக்கொண்டேன்.

அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏட்டி, அந்தக் கார்டைக் கொஞ்சம் குடு. அதுல எம் பேர அடிச்சாத்தான் அங்கன புதுக் கார்டு போடுவானாம்."

அதற்குத்தான் வந்திருக்கிறார். அவர் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"அது அம்மன் வாங்கின கார்டு" என்றேன். "அம்மன்ட்டயே கேளுங்க. சாமி வந்தப்ப நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

எங்கே மறுபடி ஆடிவிடுவேனோ என்று பயம் போலிருக்கிறது, போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு டீ போட்டு, கார்டில் அவர் பெயருக்கு வந்த சர்க்கரையில் மூன்று கரண்டி போட்டுக் குடித்தேன்.