நூலகத்துக்கு வந்த சீர்

விசேஷ வீடுகளுக்குச் சேர், சாமியானா, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அண்டா தூக்க வந்தவன் நான். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த வீட்டுக்காரரைவிட அதிகமாகப் பயப்படுவது என் சுபாவம். மழை வந்துவிடுமோ, சோறு பத்தாமல் போய்விடுமோ, காற்றில் பந்தல் சாய்ந்துவிடுமோ என்று புரண்டுகொண்டே கிடப்பேன். "பொண்ணப் பெத்தவரே நிம்மதியா உறங்குறாரு, சேரு குடுத்தவருக்கு என்ன கேடு?" என்பாள் என் மனைவி.

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் தொழில் படுத்துவிடும். கவிழ்த்துவைத்த அண்டாக்களுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டதையும் நினைக்கத் தோன்றும். அப்படி ஓர் ஆடியில், பயம் தாங்காமல்தான் எதிரில் இருந்த கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன். முதலில் பேப்பர் மட்டும் பார்த்தேன். பிறகு கதைப் புத்தகம். எழுத்துக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் படிப்பேன். மற்றவர்கள் ஒரு புத்தகம் முடிக்கிற நேரத்தில் நான் பாதி தாண்டியிருக்க மாட்டேன். அங்கே யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. இன்னொருவனுடைய கஷ்டத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது என்னுடையது வாயை மூடிக்கொண்டிருந்தது. அதற்காகவே தினமும் போனேன்.

போன ஆடி பிறந்த கையோடு நூலகரம்மா என்னைக் கூப்பிட்டார். எழுமலைப் பக்கத்துக்காரர். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர்.

"அண்ணே, மேல இருந்து சொல்லிட்டாங்க. ஆளு வர்றது கம்மி, கூரையும் ஒழுகுது. மாசக் கடைசியில வண்டி வரும். புத்தகத்தப் பூராம் மேலூருக்கு ஏத்திட்டுப் போயிருவாங்க."

"திரும்பி வருமாம்மா?"

"தற்காலிகமாத்தான்னு எழுதியிருக்காங்க."

கண்மாய்ப் பாலம் உடைந்தபோது தற்காலிகமாகப் போட்ட மண்பாதையில்தான் எங்கள் ஊர் இன்றைக்கும் போய் வருகிறது. தற்காலிகமாகப் போன எதுவும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. வேலைக்குப் பரீட்சை எழுதுவதற்காகச் சில பொம்பளைப் பிள்ளைகள் அங்கே வந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேலூருக்கு வீட்டில் அனுப்புவார்களா என்பது சந்தேகம். எனக்கோ வேறு போக்கிடமே கிடையாது.

தடுக்க வழி உண்டா என்று கேட்டேன். வண்டி வருவதற்கு முன்னால் அதிகாரி ஒருமுறை பார்க்க வருவார், கூரை சரியாகி, ஜனமும் வந்து உட்கார்ந்திருந்தால் வேண்டாம் என்று எழுதக்கூடும் என்றார் நூலகரம்மா.

மறுநாளே நன்கொடை கேட்டுக் கிளம்பினேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வெயிலில் அலைந்து, தொங்கிய முகத்தோடு வந்தவனைப் பார்த்து என் மனைவி சிரித்தாள்.

"நன்கொடைன்னு கேட்டா எவன் குடுப்பான்? சீருன்னு சொல்லிப் பாருங்க. நகைய அடகு வச்சாவது தூக்கிட்டு வருவாக."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மை. காதுகுத்துக்கும் சடங்குக்கும் கொட்டு முழங்கத் தாம்பாளத்தைத் தலையில் வைத்துச் சீர் கொண்டுவருவது என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடம்பிலேயே ஒரு முறுக்கு ஏறும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குச் சீர் கொண்டுவரும்படி அழைக்க, அடுத்த நாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு மேலத்தெருவுக்குப் போனேன். அங்கே நிலபுலமுள்ள பெரிய சம்சாரி ஒருவர், தெருவுக்கே மூத்தவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆடியில எவன்டா சீர் செய்வான்?" என்றார்.

"புத்தகத்துக்கு ஆடி என்னங்கய்யா, ஆவணி என்னங்கய்யா."

"சரி, சீருன்னா தாய்மாமன் வேணும்ல. தாய்மாமன் யாரு?"

தாய்மாமன் சீர்தான் முதலில் உள்ளே போகும். முதல் மாலை அவருக்குத்தான். அதில் முறை தவறிப் பாதிப் பந்தியில் எழுந்துபோன குடும்பங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் இல்லை என்று சொன்னால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில், "நீங்கதாங்கய்யா" என்றேன். முகம் மலர்ந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

பஜார் தெருவில் மளிகைக்கடைக்காரரும் அதையேதான் கேட்டார். அவரிடமும் "நீங்கதாண்ணே" என்றேன். கடைசியாகக் கீழத்தெருவுக்குப் போனேன். கொத்தனார் வேலையும் சித்தாள் வேலையும் பார்க்கிற குடும்பங்கள் அங்கே அதிகம். மேஸ்திரி வாசலுக்கு வந்து, "ஊரு சீர்ல எங்களுக்கு என்ன மொறைண்ணே?" என்று கேட்டார். அவரிடமும் அதே பதிலைச் சொன்னேன். அப்படி ஒரு பதிலை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து காலித் தட்டைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது. மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு பிள்ளைக்கு மூணு தாய்மாமனா?" என்றாள். "மூணு பேரும் ஒண்ணா மொறைச்சா எங்கிட்டு ஓடுவீக?"

"யாராச்சும் ஒருத்தர் வராமப் போகலாம்."

"வரமாட்டாகளோன்னு நேத்து அழுதீக. இன்னைக்கு வந்துருவாகளோன்னு அழுறீக."

யாரிடமும் போய் மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக வாசலில் என் சாமியானாவைக் கட்டினேன். ஆடிக் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. மூலைக் கம்பு ஒன்றை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். நூலகரம்மா பட்டுச் சேலையில், ஆலத்தித் தட்டோடு படியில் நின்றார். முதலில் மேற்கே கொட்டுச் சத்தம் கேட்டது. அது அடங்குவதற்குள் பஜார் பக்கம் ஒன்று. பிறகு கிழக்கே.

நூலகத்துக்கு முன்னால், ஊர் கூடுகிற பொதுவெளியான மந்தையில் மூன்று ஊர்வலமும் முட்டிக்கொண்டன. மேலத்தெருவுக்காரர்கள் சீலிங் ஃபேன்களுக்கு மாலை போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். கூடவே, கொம்பில் பூச்சுற்றிய ஒரு கெடா. பஜார் தெருவிலிருந்து இரும்பு பீரோவும் மேசைகளும் தள்ளுவண்டியில் வந்தன. தாம்பாளங்களில் தேங்காய் பழத்துக்குப் பதிலாகப் புத்தகங்கள். கீழத்தெருப் பெண்கள் கூரையில் பதிக்கிற தட்டோடுகளைத் தாம்பாளத்தில் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்துத் தலையில் சுமந்து வந்தார்கள். பின்னால் ஆண்கள் தோளில் சிமெண்டு மூட்டை. இம்புட்டு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

"தாய்மாமன் சீரு வருது, வழி விடுங்கப்பா," என்றார் மேலத்தெரு மூத்தவர்.

"அப்படியா? அப்ப நாங்க யாரு, பந்திக்கு வந்தவுகளா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

மேஸ்திரி சத்தம் போடவில்லை. "எங்க வாசலுக்குத் தட்டு வச்சுச் சொன்னாக. நாங்க பின்னாடி நிக்கிறதுக்கு வரல," என்றார்.

கொட்டு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலத்தெரு இளவட்டம் ஒருவன், "ஃபேனத் திருப்புங்கடா, போவோம்," என்றான். பஜார்க்காரர்கள் தள்ளுவண்டியைத் திருப்ப ஆரம்பித்தார்கள். வண்டி ஏறப்போகிற புத்தகங்கள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தன.

அப்போது கீழத்தெருக் கூட்டத்திலிருந்து ஒரு சித்தாளம்மா முன்னால் வந்தார். தலையில் ஓடு இருந்ததால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பேசினார்.

"அண்ணேமாரா, கழுத்து இத்துப்போகுது. நின்னு பேச நமக்கு நாளு இருக்கு, சுமைய எறக்கிட்டுப் பேசுவோம். இது காதுகுத்தாண்ணே? உள்ள இருக்கது புத்தகம். எடுத்துப் படிச்சவுகதான அதுக்கு ஒறவு? அட்டை வச்சிருக்கவுக கையத் தூக்குங்க. அவுக முன்னாடி போகட்டும், நாம பின்னாடி போவோம்."

மேலத்தெரு மூத்தவர் துண்டைச் சரிசெய்தார். மளிகைக்கடைக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், அட்டை தானாக அங்கே வந்திருக்குமோ என்பதுபோல. தெருவுக்குப் பெரியவர்கள் என்று நின்ற ஒருவரிடமும் உறுப்பினர் அட்டை இல்லை. படிக்க வருகிற பிள்ளைகள் மெல்லக் கை தூக்கினார்கள். மேலத்தெருவில் ஒரு பெண், பஜாரில் ஒரு பெண், கீழத்தெருவில் இரண்டு பேர். ஒரு கையில் கம்பு இருந்ததால் மறு கையை நானும் தூக்கினேன்.

"நம்ம வீட்டுப் பிள்ளையா அது?" என்று யாரோ கேட்டார்கள். மேலத்தெரு மூத்தவரின் பேத்திதான் அது. அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் சிரித்துவிட்டார். "அடிடா கொட்ட," என்றார்.

பிள்ளைகள் முன்னால் போய்ப் படியேறி, நூலகரம்மாவோடு வாசலில் நின்றார்கள். ஆலத்தி எடுத்து மூன்று தெருவையும் அவர்கள்தான் உள்ளே அழைத்தார்கள். ஓடு முன்னால் போனதா ஃபேன் முன்னால் போனதா என்று பார்க்க யாருக்கும் அக்கறையில்லை. வாசல் குறுகலானது. பீரோ மாட்டிக்கொண்டதும் மேலத்தெரு இளவட்டங்களும் மேஸ்திரியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்து உள்ளே தள்ளினார்கள்.

கெடா ஒன்றுக்குத்தான் இடமில்லை. "வர்ற பொருளுக்கெல்லாம் பதிவேட்டுல நம்பர் போடணும்ணே, இதுக்கு நான் எங்க போடுவேன்?" என்று நூலகரம்மா பதறினார். மந்தையிலேயே ஏலம் விட்டார்கள். எடுத்தவர் அதை மறுபடியும் நூலகத்துக்கே விட்டுக்கொடுக்க, இன்னொரு முறை ஏலம் போனது. மூன்றாவது தடவை கெடாவே அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. வயரிங் வேலை அந்தப் பணத்தில்தான் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் நம்பமுடியாதது. மேலத்தெரு மூத்தவர் நூலகரம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "தாயி, அட்டை போட என்ன செய்யணும்?" என்றார். அவருக்குப் பின்னால் மளிகைக்கடைக்காரர் நின்றார். மேஸ்திரி நின்றார். வரிசை படியிறங்கி, என் சாமியானாவைத் தாண்டி, மந்தைக்குப் போனது. விண்ணப்பத் தாள் தீர்ந்து, நகல் எடுக்க மேலூருக்குப் பைக்கில் ஆள் பறந்தான்.

"மாப்ள, எடுத்தா எப்பக் குடுக்கணும்?" என்று மூத்தவர் என்னிடம் கேட்டார்.

"ரெண்டு வாரத்துலங்கய்யா."

"படிச்சு முடிக்கலன்னா?"

"இன்னொருக்க எழுதிக்கிரலாம். நான் அப்படித்தான் செய்யுறேன்."

கூரை வேலைக்கு மேஸ்திரி கூலி வாங்கவில்லை. சித்தாளம்மா தலையில் சுமந்துவந்த சாந்துச் சட்டியை வரிசையில் நின்று மேலே கைமாற்றியது மேலத்தெரு இளவட்டங்கள்தான். வேலை முடிந்ததும் மழை பெய்யவேண்டுமே, சோதித்துப் பார்க்கவேண்டுமே என்று நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெய்தபோது ஒழுகிவிடுமோ என்று உள்ளே போய் நின்றேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அதிகாரி சொல்லாமல்தான் வந்தார். நான் விரலை வரியில் வைத்தபடி கடைசி பெஞ்சில் இருந்தேன். வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் நூலகரம்மா எழுந்தார். அதிகாரி உள்ளே காலெடுத்து வைத்து, உட்கார இடம் தேடினார். காலியாக ஒரு நாற்காலியும் இல்லை. பேப்பர் மேசையில் மேலத்தெரு மூத்தவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து நடுப்பக்கத்தில் ஆழ்ந்திருந்தார். வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"தம்பி, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. அந்த நோட்டுல பேரெழுதிட்டுத்தான் உக்காரணும்."

அதிகாரி வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நோட்டில் பெயர் எழுதினார். பக்கத்தை இரண்டு மூன்று முறை பின்னால் திருப்பிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு நூலகரம்மாவிடம் மெதுவாக, படிப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல், "வண்டி வேணாம்னு சொல்லிர்றேம்மா," என்றார்.

எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் உள்ளே சத்தம் போடக்கூடாது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எல்லோரையும் தாண்டி வெளியே வந்து, ரோட்டு நடுவில் நின்றுகொண்டேன். எதிரே கடை வாசலில் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, என்னைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு முதல் முறையாக அவள்தான் பயந்துபோயிருந்தாள்.

"வண்டி வரல," என்று கத்தினேன்.

அவளுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம், இன்னும் சத்தமாகக் கத்தினேன். ஊருக்குள் வந்து திரும்புகிற மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மூன்றாம் தடவையும் கத்தினேன்.