நாற்பத்தெட்டு இடது கை

1. வலது கையெல்லாம் எங்கே?

அருப்புக்கோட்டையில் யூனிபார்ம் தைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் முப்பத்தோரு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஊர் பரளச்சிப் பக்கம். காலையும் மாலையும் பஸ்தான். அதில் இரண்டு வருஷம், தலைக்கு மேலே ஓடும் கம்பியை இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேன். வலது தோளில் வலி. கடையில் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிங் மாஸ்டருக்குத் தோள் வலி என்றால் முதலாளி வேறு ஆளைத் தேடிவிடுவார்.

ஒரு மில் வாட்ச்மேன்களுக்கு முழுக்கைச் சட்டை, மொத்தம் இருபத்து நாலு. துணியை மடித்து வெட்டினால் இடது கையும் வலது கையும் தானாக ஜோடியாக வந்துவிடும். இந்தத் துணிக்கு அகலம் பற்றவில்லை. அதனால் மடிக்காமல் இருபத்து நாலு அடுக்காக விரித்தேன். மேல் அடுக்கில் இடது கை ஒன்று, வலது கை ஒன்று வரைந்து கட்டிங் மெஷினை விட்டேன். கை வடிவத்தில் வெட்டிய அட்டையை வைத்து வரையும் பழக்கம் எனக்கில்லை. அட்டை வைத்து வெட்டுகிறவன் கத்துக்குட்டி என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். வரையும்போது அந்தக் கையை மனசுக்குள் நானே மாட்டிப் பார்ப்பேன். சாக்பீஸ் தானாக ஓடும்.

மறுநாள் தையல் மெஷினிலிருந்து செல்வி கூப்பிட்டாள்.

“மாஸ்டர், வலது கையெல்லாம் எங்க வச்சிருக்கீக?”

“கட்டுக்குள்ளதான் இருக்கும். தேடும்மா.”

அரை மணி நேரம் தேடினாள். பிறகு நானும் சேர்ந்து தேடினேன். நாற்பத்தெட்டும் இடது கை. புரட்டிப் போட்டு வலதாக்கலாம் என்றால் துணியின் உள்பக்கம் வெளியே வந்துவிடும்.

முதலாளி பாய் சத்தம் போடுகிறவர் அல்ல. ஒரு கையை மேஜையில் விரித்தார். இன்னொன்றை அதன்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

“மாஸ்டர், அந்த மில்லுல வாட்ச்மேனுக்கெல்லாம் ரெண்டு கையும் இடது கையா?”

“இல்ல பாய்.”

“வயசாயிருச்சு போல. கொஞ்ச நாளைக்கு காஜா, பட்டன் பக்கம் இருங்க. கட்டிங்குக்கு மதுரையில ஒரு ஆளு இருக்காப்ல, வரச் சொல்றேன்.”

பட்டன் டப்பாவோடு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.

2. டேப் பொய் சொல்லாது

வீட்டில் சொன்னேன். மனைவி ராமலட்சுமி முதலில் கேட்டது இதுதான்.

“தோளு வலிக்குதுன்னு பாய்ட்ட சொன்னீகளா?”

“ஆமா, சொல்லிட்டா கிரீடம் வப்பாக.”

“சொல்லாததுக்கு மட்டும் என்ன வச்சாகளாம்?”

அந்த வாரமே திருச்சுழியில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். தோளைப் பிடித்து அமுக்குவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் செல்லை எடுத்துப் படம் காட்டினார். வெறும் தோள் படங்கள். முன்பக்கம், பின்பக்கம், தலைகீழாக.

“இது வலது தோளா, இடது தோளா? யோசிக்காம சொல்லுங்கய்யா.”

இடது தோளை எல்லாம் டக் டக்கென்று சொன்னேன். வலது வந்தால் திணறினேன். பாதி தப்பு. பின்னால் நின்ற ராமலட்சுமி எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். “நீ சும்மா இரு” என்றேன்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்திலிருந்து தோள் முனை வரை எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் முன்னால் வைத்து இடைவெளி காட்டச் சொன்னார். இடது தோளுக்கு நான் காட்டியது ஆறு இஞ்சு. வலது தோளுக்கு எட்டு. என் பையில் எப்போதும் டேப் இருக்கும். ராமலட்சுமி எடுத்து என் தோள்களை அளந்தாள். இரண்டும் ஆறு.

“டேப்பு இழுத்துப்போயிருக்கும்” என்றேன்.

“இடுப்பளவு கூடிருச்சுன்னு சண்டைக்கு வாரவுகட்ட என்ன சொல்லுவீக? ‘டேப்பு பொய் சொல்லாது’ம்பீகல்ல?”

டேப்பை வாங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

பிசியோ அம்மா விளக்கினார். “மூளைக்குள்ள நம்ம ஒடம்புக்கு ஒரு படம் இருக்குய்யா. ரொம்ப நாளா வலிச்சா, சில பேருக்கு அந்த எடத்துல படம் கலைஞ்சுபோகும். நீங்க போட்ட சாக்பீஸ் கோட்ட யாரோ கையால தேச்சுவிட்ட மாதிரி.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனசுக்குள் மாட்டிப் பார்த்து வெட்டுகிறவன் நான். மாட்டிப் பார்க்க அங்கே வலது கை சரியாக இல்லை.

“திரும்ப வருமாம்மா?”

“தெனமும் பழகுனா வரும். கோட்டத் திரும்பப் போடணும், அவ்வளவுதான்.”

3. பாய்க்கு ஒரு சட்டை

மறுநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“ரெண்டு வருஷமா வலியா? அட என்னா மாஸ்டர்! நான் உங்களுக்குக் கண்ணு போயிருச்சுன்னுல நெனச்சேன்.”

மூன்று மாதம். தினமும் காலையில் தோள் படங்கள். பிறகு கையைத் தூக்காமல், தூக்குவதாக நினைக்கிற பயிற்சி. பிறகு சுவரில் விரலை ஏற்றுகிற பயிற்சி. பரீட்சை வைத்தது ராமலட்சுமி. தப்புச் சொன்னால் காபி தாமதமாக வரும். ஆரம்பத்தில் காபி எட்டரைக்குத்தான் வந்தது. போகப் போக ஏழுக்கே வந்தது.

ஒரு வியாழக்கிழமை பாய் ஒரு துணியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

“எனக்கு ஒரு சட்டை வெட்டுங்க. முழுக்கை. துணிய மடிக்கக் கூடாது.”

செல்வி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மதுரைக்காரரும் பார்த்தார். இடது கையை வரைந்தேன். வலதுக்கு வந்ததும் சாக்பீஸ் நின்றது. பயம்தான். கண்ணை மூடி மாட்டிப் பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. வரைந்தேன். அப்போதும் நம்பிக்கை இல்லை. ஓர் அட்டையில் இடது கையை வெட்டியெடுத்து, அதைப் புரட்டி வலதின்மேல் வைத்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பாய் அந்தச் சட்டையில்தான் போனார். திரும்பி வந்தும் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை நான் வழக்கம்போல் பட்டன் டப்பாவைத் திறந்தேன்.

“அங்க என்ன பண்றீக?” என்றார் பாய். “டேபிள்ல லோடு கெடக்கு. மதுரை ஆளு இன்னையோட நின்னுக்கிறாப்ல.”

சரி பாய் என்றேன். டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கட்டிங் டேபிளுக்குப் போனேன்.

அந்த அட்டை இப்போதும் கட்டிங் டேபிளுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஒரு பக்கம் ‘இடது’, மறு பக்கம் ‘வலது’ என்று பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன். என்னைக் கத்துக்குட்டி என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். கடையில் யாருக்காவது தோள் வலித்தால் மட்டும் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட வேண்டும்.